குடிபெயர்வார் முன்னம் செய்யத்தக்கன

(ஏனாத்தூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்நாடு சென்று வாழ விரும்புவோர் புறப்படுமுன் செய்துகொள்ள வேண்டுவன யாவை என்பதுபற்றிச் சிறிது பேசுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் கடல் கடந்தறியேம். பகலிற் பள்ளியில் இலக்கணம் கற்பித்தும், மாலையில் எம் தமக்கையார் வீட்டுத் தறியருகே அமர்ந்தும் காலங்கழிப்பவர்க்கு இப்பொருள்பற்றிப் பேச யாது உரிமை என்று நீவிர் வினவலாம். உரிமை ஒன்றுண்டு. அஃது அறிவால் வந்ததன்று, தவற்றால் வந்தது. அதனை உரிய இடத்தில் உரைப்பேம்.

நம் தெருக்களில் தறியோசை முன்போல் இல்லை என்பதை யாவரும் அறிவோம். பட்டுநூலின் விலையும் சரிகையின் விலையும் ஏறுகின்றன. கூலி அவ்வாறு ஏறுவதில்லை. ஆகலின் இளைஞர் சிலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். சிலர் துபாய், சிங்கப்பூர் என்கின்றனர். மேற்படிப்புப் படித்தோர் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று குடும்பத்தோடு பெயர நினைக்கின்றனர். இவருள் எவரையும் தடுத்தல் எம் கருத்தன்று.

கடல் கடத்தல் நம் மரபுக்கு ஒவ்வாதது என்பாரும் உளர். அவர் கூற்று வரலாற்றொடு பொருந்தாது. தாய்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள தக்குவாபா என்னும் இடத்தில் கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துளது. ஆங்கு ஒரு குளம் தோண்டப்பட்டதனையும், அதன் பெயர் அவனிநாரணம் என்பதனையும், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரும் சேனாமுகத்தாரும் பிறரும் அதற்குக் காவலாயினர் என்பதனையும் அக்கல் கூறுகின்றது. அவனிநாரணன் என்பது நம் காஞ்சியிலிருந்து அரசாண்ட மூன்றாம் நந்திவர்மனது பட்டப்பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் நகரரசன் பெயரால் கடலுக்கு அப்பால் ஒரு குளம் இருந்ததென்றால், நம் முன்னோர்க்குக் கடல் ஒரு தடையன்று.

அச்சிறு கல்வெட்டில் மூன்று பாடங்கள் உள. அவர்கள் தனித்து வாழ்ந்திலர், குழுவாய் வாழ்ந்தனர். சென்ற இடத்தில் நீர்க்கு வழி தேடினர். செய்த ஏற்பாட்டை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமற் கல்லில் எழுதினர். எழுத்து, நீர், துணை என இம்மூன்றனையும் முறையே கொண்டு யாம் சொல்லக் கருதியதைச் சொல்வேம். நீர் என்றது ஈண்டு வாழ்வுக்குரிய பொருளை.

முதலாவது எழுத்து. இதன் அருமையை இலங்கை மலையகத் தமிழரின் வரலாறுபோல் உணர்த்துவது பிறிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு ஏழைகள் கங்காணிமாரை நம்பி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாயிற்று. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அத்துண்டு தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போதல் அரிது. ஆயினும் அவர் மலையைத் திருத்தினர், மக்களைப் பெற்றனர், அம்மண்ணிலேயே மாய்ந்தனர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தையோ பாட்டனோ அத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று காட்டுக என்றது. தோட்டத்து வரிசை வீடுகளிற் பிறந்தோர்க்குச் சான்று எங்கிருந்து வரும்? அவருட் பெரும்பாலார் எந்நாட்டுக்கும் உரியரல்லராயினர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இலால் பகதூர் சாஸ்திரியாரும் சிரிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் மற்றோர் உடன்பாடு வேண்டியிருந்தது. அவ்வாறும் தீராது எஞ்சினோர்க்கு 2003இல் இலங்கை தனிச்சட்டம் இயற்றிக் குடியுரிமை வழங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட துயரம் இது. குற்றம் அம்மக்களுடையதன்று, சட்டம் செய்தாருடையது. ஆயினும் பாடம் நமக்குரியது. ஒரு நாட்டில் உழைத்தல் வேறு. அந்நாட்டின் ஏட்டில் இடம்பெறுதல் வேறு.

அன்பர்காள்! எழுத்து என்பது நம் பெயரிலிருந்தே தொடங்குகின்றது. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்பதில்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்நிற்கின்றது. பள்ளிச் சான்றிதழில் அவ்வெழுத்து முன்னிற்கும். ஆதார் அட்டையிற் பின்னிற்கும். குடும்ப அட்டையில் இல்லாமற்போம். கடவுச்சீட்டிலோ எழுத்தை விரித்துத் தந்தை பெயரை முழுதும் எழுதவேண்டும். ஒருவனே நான்கு ஏடுகளில் நால்வராய் நிற்பான். அயல்நாட்டு அதிகாரிக்கு நம் வழக்கம் தெரியாது. நால்வருள் நீ எவன் என்று அவர் கேட்பது இயல்பே. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாட்டினர், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையாரைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஏற்பதில்லை என அறிவித்தபோது நம்மவர் பலர் திகைத்தனர். ஆகலின் புறப்பட எண்ணிய அன்றே எல்லாத் தாள்களையும் ஒரு பாயிற் பரப்பி, பெயர் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றதா என்று காண்க. ஒவ்வாதாயின் அரசிதழில் வெளியிட்டுத் திருத்துக.

பிறந்தநாள் பற்றி எம்மனோர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். முற்காலத்துப் பள்ளிகளிற் பிள்ளையின் வலக்கை தலையைச் சுற்றி இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்று கொண்டு, ஆசிரியரே ஒரு நாளைக் குறித்து எழுதிவிடுவர். அந்நாள் பெரும்பாலும் பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டியே அமையும். அன்று அஃது உதவி. இன்று அஃது இடர். நகராட்சி ஏட்டில் ஒரு நாள், பள்ளி ஏட்டில் மற்றொரு நாள் என்றிருப்பின் விண்ணப்பம் நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகுமுன் இதனைத் திருத்துதல் எளிது. அச்சான பின் மிக அரிது. இங்குள்ள தாய்மார்கள் தம் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே இதனைப் பார்த்துவைப்பாராக.

பட்டம் முதலிய சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் என்னும் முத்திரை பெறல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இற் சேர்ந்தது. அதிற் சேர்ந்துள்ள நாடுகளுட் பெரும்பாலன இம்முத்திரையை ஏற்கும். சேராத நாடுகளுக்கு அவ்வந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். இவற்றுக்கு நாட்களும் திங்களும் ஆதலின், விமானச் சீட்டு வாங்கிய பின்னர்த் தொடங்குதல் கூடாது.

இனி எம் தவற்றைச் சொல்வேம். பல ஆண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் வளைகுடா நாடொன்றுக்குப் புறப்பட்டான். அவன் இசைவு பெற்றே இதனை உரைக்கின்றேம். பண்டகசாலையிற் கணக்கெழுதும் வேலை என்று தரகர் ஒருவர் சொல்லியிருந்தார். நெசவாளராகிய அவன் தந்தையார் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார். கடன் பத்திரத்திற் சாட்சிக் கையெழுத்திட எம்மை அழைத்தார். தரகர் கொடுத்த விசாத் தாளையும் எம் கையில் தந்து, “வாத்தியார் ஐயா, தாங்கள் ஒருமுறை பாருங்கள்” என்றார். வருகை விசா என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அத்தாளின் தலையிலேயே இருந்தது. யாம் அதனைக் கண்டேம். வேலைக்குச் செல்பவனுக்கு வருகை விசா ஏன் என்னும் ஐயமும் உள்ளத்தில் எழுந்தது. ஆயினும், அன்று அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராமல் வினவாதொழிந்தேம். கையெழுத்திட்டுக் காப்பியும் பருகி வந்தேம்.

சென்ற இடத்தில் அவனுக்குக் கிடைத்தது மூட்டை இறக்கும் வேலை. கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டனர். விசாவின் நாள் கழிந்தபின் அந்நாட்டுச் சட்டப்படி அவன் குற்றவாளியானான். பதினான்கு திங்கள் கழித்துத் தூதரகத்தின் உதவியால் ஊர் திரும்பினான். அதற்குள் வட்டிக்காக அவன் வீட்டுத் தறி விலைபோயிற்று. அவன் தந்தையார் எம்மை வைதிலர். ஒரு நாள் கோயில் வாயிலில் எதிர்ப்பட்டபோது, “ஐயா, தாங்களும் பார்த்துத்தானே கையெழுத்திட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவிற்கு இன்றளவும் எம்மிடம் விடையில்லை. இச்சொற்பொழிவுக்கு யாம் இசைந்தது அதன்பொருட்டே.

ஆகலின் இளைஞர்காள்! எம்மிடம் இல்லாது போன துணிவை நீவிர் கொள்மின். விசாவின் வகை யாது, முதலாளி யார், ஊதியம் எத்துணை, வேலை நேரம் எத்துணை, தங்குமிடமும் திரும்பும் செலவும் யாருடையன என்பவற்றை எழுத்திற் கண்டல்லது புறப்படாதீர்கள். தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். வருகை விசாவிற் சென்று வேலை செய்தல் சட்டத்துக்கு மாறானது. கடவுச்சீட்டு 1967ஆம் ஆண்டின் சட்டப்படி நடுவணரசின் உடைமை. அதனை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. 2022இல், தாய்லாந்திற் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழிளைஞர் பலர் மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டதனையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, நீர் எனக் குறித்த பொருள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், அரசிற் பதிவு செய்துகொண்ட தரகரே அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம் என விதித்தது. அத்தகையோர் பெறத்தக்க கூலிக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் எல்லை என அதன்கீழ் எழுந்த விதிகள் வரையறுத்தன. இலக்கக் கணக்கிற் கேட்பவரிடம் இவ்வெல்லையை எடுத்துச் சொல்லிப் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பாருங்கள். அவர் யார் என்பது அப்பொழுதே விளங்கும். பதிவுபெற்றோர் பெயரை நடுவணரசின் இ-மைக்ரேட் என்னும் வலைத்தளத்திற் காணலாம். நம் மாநில அரசும் 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தைச் சென்னையில் நிறுவியுளது. பத்தாம் வகுப்புத் தேறாதார் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெறல் வேண்டும். அவர்க்குரிய பிரவாசி பாரதீய பீமா என்னும் காப்பீடு, விபத்தால் இறப்போ நிலையான ஊனமோ நேரின் 10 இலட்சம் ரூபாய் அளிப்பது. இவ்வனுமதியைத் தொல்லை என்று கருதிக் குறுக்கு வழி தேடுவோர், தமக்கென அமைந்த வேலியைத் தாமே பிடுங்குவோராவர்.

வட்டிக்கு வாங்கிய பணத்தாற் புறப்படுதல் பழைய துண்டைப் புதிய பெயரால் சுமப்பதேயாகும். அங்கு அவன் அஞ்சி நடப்பதும், கொடுமை கண்டு மீளாது கிடப்பதும் இங்குள்ள கடனை நினைந்தே. முதலிற் சேமிப்பு, பின்னரே செலவு.

நிலையாகக் குடியேற விரும்புவோர்க்கு வேறு கணக்கு உண்டு. கனடா நாடு 2015 சனவரி முதல் விரைவு நுழைவு என்னும் முறையில் வயது, கல்வி, மொழித்திறம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுத் தேர்கின்றது. இருபது முதல் இருபத்தொன்பது வரையுள்ள வயதினர்க்கே வயதுப் புள்ளி மிகுதி. பின்னர் ஆண்டுதோறும் குறையும். நிலைவாழ்வுரிமை பெற்றோரும் ஐந்தாண்டில் 730 நாளேனும் அந்நாட்டில் இருத்தல் வேண்டும். குடியுரிமைக்கு ஐந்தாண்டில் 1,095 நாள் வேண்டும். இவ்வெண்கள் மாறக்கூடியன, புறப்படுவோர் அவ்வரசின் அறிவிப்பையே நேரிற் பார்த்துக்கொள்க. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவன் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தல் வேண்டும். 2005 முதல் வழங்கப்படும் அயலக இந்தியக் குடிமகன் அட்டை உடையார் விசாவின்றி வந்து போகலாம். வாக்களித்தலும் வேளாண் நிலம் வாங்குதலும் அவர்க்கு இல்லை. ஆகலின் வீடு, நிலம், பாகம் முதலியவற்றைப் புறப்படுமுன் உடன்பிறந்தாரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக்கும் தம் இருப்பிடம் மாறியதைத் தெரிவித்துக் கணக்கின் வகையை மாற்றிக்கொள்க.

மூன்றாவது துணை. கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பியம். அக்காலத்து ஒருவன் சென்று பொருளீட்டி மீண்டான். இல்லம் இங்கேயே இருந்தது. இக்காலத்திலோ மனைவி மக்களொடு பெயர்கின்றனர். இல்லம் அங்குச் செல்கின்றது. இங்கு எஞ்சுவோர் முதியோர் மட்டுமே. இதற்குப் பழைய நூலில் துறையில்லை. நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

எம் தமக்கையார் கைம்பெண். அவர்தம் ஒரே மகன் மனைவியொடும் குழந்தையொடும் கனடாவுக்குப் பெயர விண்ணப்பித்துள்ளான். தாள்களை எல்லாம் எம்மிடம் கொண்டுவந்து, “மாமா, சரியாக இருக்கின்றனவா?” என்று காட்டினான். இம்முறை யாம் ஒவ்வோர் எழுத்தையும் படித்தேம். ஐயுற்றதை எல்லாம் கேட்டேம். எல்லாம் சரியாகவே இருந்தன. அவன் சென்றபின் தமக்கையார் தறியிலிருந்து இறங்காமலே, “தம்பி, கடைசிக் காலத்தில் என் வாயில் ஒரு மடக்கு நீர் வார்க்க இவன் வருவானா?” என்று வினவினார். வருவான் அக்கா என்று சொல்லிவிடுதல் எளிது. முன்பு ஒருவர் மகிழ்ச்சிக்காக வாய்மூடிய பயனை யாம் கண்டவர் ஆதலின், “வர இயலாமலும் போகலாம் அக்கா, அதனை அவனிடமே கேட்போம்” என்றேம்.

மறுநாள் மூவரும் அமர்ந்து பேசினேம். அழுகையும் இருந்தது. முடிவில் ஒரு தாளில் எழுதினேம். தமக்கையார்க்கு மருத்துவக் காப்பீடு இன்னது. மாதந்தோறும் வரும் தொகை இவ்வளவு. இரவில் நோய் கண்டால் முதலில் அழைக்க வேண்டுவோர் இன்னார். தறியை அவர் விரும்பும்வரை விற்பதில்லை. இரண்டாண்டுக்கொரு முறை மகன் வருவான். பெற்றோர்க்கென 2011 முதல் கனடா வழங்கும் நீண்டநாள் விசாவில் ஒருமுறைக்கு ஐந்தாண்டுவரை தங்கலாம் என்பதனையும் அவரிடம் சொன்னேம். “பனியில் நான் என்ன செய்வேன்?” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னரே அவன் பெட்டி வாங்கச் சென்றான்.

நம் தொழிலிலேயே இதற்கு ஓர் உவமை உண்டு. புடவையின் உடல் ஒரு நிறமும் முந்தானை வேறொரு நிறமுமாக நெய்யுங்கால், பிட்னி என்னும் வேலையில், பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றோம். கண்ணும் இடுப்பும் நோகும் வேலை அது. ஓரிழை தப்பினும் அவ்விடம் பின்னர்க் காட்டிக்கொடுக்கும். பழைய பாவை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதை நெய்வோமாயின் கிடைப்பன இரண்டு துணிகள், புடவையன்று. குடிபெயர்தலும் அத்தன்மைத்தே. நிறம் மாறலாம், இழை அறலாகாது.

இறுதியாகச் சங்கத்தாரை இரண்டு வேண்டிக்கொள்கின்றேம். திங்களுக்கொரு ஞாயிறு, ஆங்கிலமும் சட்டமும் அறிந்த நம் இளைஞர் சிலர் இக்கட்டடத்தில் அமர்ந்து, அயல்நாடு செல்வார் கொணரும் தாள்களைக் கூலியின்றிப் படித்துப் பொருள் சொல்லல் வேண்டும். சென்றார் பெயரும், இருக்குமிடமும், இங்குள்ள அவர் பெற்றோர் நிலையும் எழுதிய ஏடொன்று சங்கத்தில் இருத்தல் வேண்டும். அவ்வேட்டைக் காக்கும் பணியை எமக்கே தருவீராயின் மகிழ்வேம்.

தறியை இழந்த அத்தந்தையார் இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்துள்ளார். ஐயா, அன்று வினவாததை இன்று யாவரும் கேட்கச் சொல்லிவிட்டேம். இது தங்கள் வினாவிற்கு விடையாகாது. அடுத்த வீட்டில் அவ்வினா எழாதிருக்கவேனும் உதவுவதாகுக.